முறைத் தண்ணீருக்கு எந்த வாட்ச்?

பாலு,

உன் சிநேகிதன் போனிலிருந்து நீ அனுப்பிய செய்தி முந்தாநாள் வந்தது. "அப்பா, என் போன் வாய்க்கால்ல வுழுந்து செத்துப்போச்சு. வயலுக்குக் கட்டிக்கிட்டுப் போற மாதிரி நல்ல டிஜிட்டல் வாட்ச் எதுன்னு பாத்துச் சொல்லுங்க. அடிபட்டாலும் ஓடணும், சேத்துல கெடந்தாலும் ஓடணும், ஒரு நிமிஷம்கூட முன்னப் பின்ன ஆவக்கூடாது. ஞாயித்துக்கெழம முறைக்கு வந்துடுவேன். நேரம் மட்டும் எம்பக்கம் சரியா இருக்கட்டும், கார்த்தி தலைய எடுத்துர்றேன்." இவ்வளவுதான் நீ எழுதியது. நாலைந்து தடவை படித்தேன். பிறகு உன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவள் முறத்தை அப்படியே கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடுகிற ஆள் நான் இல்லை, அதனால் வாட்ச்சைப் பற்றிச் சொல்லத்தான் போகிறேன். ஆனால் போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை இது. எழுதினால்தான் சரியாக வரும். எழுதி முடித்ததும் ஒரு நகல் எடுத்து நம் குரும்பகரம் டீக்கடையில் கொடுக்கப் போகிறேன், யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளட்டும். பொய்யை ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவன் உண்மையை மட்டும் உறையில் போட்டு ஒட்டினால் நன்றாக இருக்காது.

ஊரார் படிக்கப் போவதால், உனக்குத் தெரிந்ததையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். நம் நிலமும் உன் சித்தப்பா நிலமும் ஒரே வாய்க்காலில், ஒரே மடையில் தண்ணீர் குடிப்பவை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் இரண்டு பங்குக்குமான முறை. காலை ஆறு மணியிலிருந்து பன்னிரண்டு வரை அவன் வயலுக்கு, பன்னிரண்டிலிருந்து மாலை ஆறு வரை நம் வயலுக்கு. காவிரி எங்கெங்கோ வளைந்து, எல்லோரும் குடித்து மிச்சம் வைத்த தண்ணீர்தான் காரைக்கால் பக்கம் வந்து சேர்கிறது. அதனால் இங்கே நிமிடத்துக்குக்கூட மதிப்பு உண்டு. என் முட்டி போன பிறகு முறைக்கு நீதான் போகிறாய். போன ஞாயிறு உன் போன் பன்னிரண்டு என்றது. சித்தப்பா மகன் கார்த்தி கட்டியிருந்த வாட்ச் ஐந்து நிமிடம் பாக்கி என்றது. நீ மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து, காம்பால் அவன் மண்டையில் போட்டாய். எட்டுத் தையல். அவர்கள் இன்னும் போலீசுக்குப் போகவில்லை. நீ நாகப்பட்டினத்தில் சிநேகிதன் அறையில் போய் உட்கார்ந்துகொண்டு எனக்கு வாட்ச் பற்றி எழுதுகிறாய்.

நேற்று காரைக்கால் கடைத்தெருவுக்குப் போய் ஒரு கடை விடாமல் பார்த்தேன். ஒரு கடைக்காரர் நல்ல பேச்சுக்காரர். வாட்ச்சைத் தலைக்கு மேலே தூக்கிச் சிமெண்டுத் தரையில் போட்டார். எடுத்து, காபி டம்ளர் நிறையத் தண்ணீர் பிடித்து அதற்குள் போட்டார். எண்கள் தம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. "என்ன வேலைக்குங்க சார்?" என்றார். வயலுக்கு என்றேன். "அப்ப இதான் சார். எத்தன அடி வுழுந்தாலும் தாங்கும்." அடி வாங்குகிறவனுக்கா, அடிக்கிறவனுக்கா என்று கேட்டேன். அவர் அதை வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். "கட்டியிருக்கறவங்களுக்கு சார்" என்றார். நானும் சிரித்துவைத்தேன்.

கேட்டுக்கொள். முகப்பு பெரிதாக, கறுப்பாக, பார்க்க மிடுக்காக இருப்பதை எடுக்காதே. கறுப்புப் பின்னணியில் வெளிறிய எண் காட்டும் வாட்ச் கடை விளக்கில் ஜோராக இருக்கும், உச்சி வெயிலில் மடையில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெளிர் பின்னணியில் கறுப்பு எண் உள்ளதுதான் வயலுக்குச் சரி. பொத்தான்கள் வெளியே துருத்திக்கொண்டு நிற்கக்கூடாது. மண்வெட்டி போடும்போது மணிக்கட்டு மடங்கி, புறங்கை பொத்தானை அழுத்தி, உனக்குத் தெரியாமலே நேரம் மாறிப்போகும். உள்ளே பதிந்த பொத்தானாகப் பார். முப்பது மீட்டர் என்று பின்னால் எழுதியிருந்தால் முப்பது மீட்டர் ஆழம் போகலாம் என்று அர்த்தமில்லை, மழையில் நனையலாம், கை கழுவலாம், அவ்வளவுதான். வாய்க்காலில் இறங்குகிறவனுக்கு இருநூறு என்று போட்டதுதான் நிம்மதி. இரும்புச் சங்கிலி வேண்டவே வேண்டாம், வீசும்போது கனக்கும், சேறு அடைத்துக்கொள்ளும். துணிப்பட்டையும் வேண்டாம். ரப்பர் மாதிரி இருக்கும் பட்டையாக எடு. காரணம் பிறகு சொல்கிறேன். ஒரு நிமிடம்கூடத் தப்பாத வாட்ச் என்று எதுவும் கிடையாது, எவ்வளவு நல்லதும் மாதத்துக்குச் சில விநாடி நகரும், அவ்வப்போது சரி செய்துகொள்ள வேண்டும். இதற்கு மேல் வாட்ச்சில் பார்க்க ஒன்றும் இல்லை. பார்க்க வேண்டியது அதைக் கட்டுகிற கையை.

என்னிடமும் ஒன்று இருந்தது. உனக்கு அப்போது ஆறு வயது, உனக்கு நினைவிருக்காது. நாலு பொத்தான், கறுப்புப் பட்டை, மணிக்கு ஒரு தடவை 'பீப் பீப்' என்று கத்தும். அப்போது நான் பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தேன். காலை எட்டேகால் பஸ்ஸை விட்டால் அடுத்தது ஒன்பதுக்கு மேல்தான். அதனால் பஸ் ஏறுகிற மற்ற ஆபீஸ்காரர்கள் செய்வதைத்தான் நானும் செய்தேன். வாட்ச்சைப் பத்து நிமிடம் முன்னால் வைத்திருந்தேன். வாரம் ஆறு நாளும் அதைப் பார்க்கும்போது பத்தைக் கழித்துக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் இல்லை, ஆபீஸ் இல்லை, கழிக்கிற புத்தியும் இல்லை.

அந்த ஞாயிறு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மடைக்குப் போனேன். வரப்பில் ஏறும்போதே வாட்ச் இரண்டு தடவை கத்தியது. பன்னிரண்டு. மடைப் பலகை இன்னும் அவன் வயல் பக்கம் திறந்திருந்தது. நான் பலகையைத் தூக்கி அந்தப் பக்கத்தை அடைத்தேன். உன் சித்தப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தான். "என்னாண்ணே, பன்னெண்டு மணி மில்லு சங்கு இன்னும் ஊதலியே, அதுக்குள்ள அடைக்கிற?" என்றான். சிரித்துக்கொண்டேதான் கேட்டான். நான் மணிக்கட்டை அவன் முகத்துக்கு நேராக நீட்டினேன். "படிக்கத் தெரியுமாடா? பன்னெண்டு. இது மிஷினு, பொய் சொல்லாது. நீதான் திருட்டுப்பய." அவன் சிரிப்பு போய்விட்டது. "யாரப் பாத்துத் திருட்டுப்பயங்கிற? சங்கு ஊதட்டும், நானே அடைக்கிறேன்" என்று பலகையை மறுபடி பிடுங்கி வைத்தான். நான் பிடுங்கினேன். அவன் வைத்தான். இரண்டு பேரும் முழங்கால் சேற்றில் நின்று ஒரு பலகைக்கு மல்லுக்கட்டினோம். அவன் என் சட்டையைப் பிடித்தான், நான் அவன் வாயிலேயே குத்தினேன். உதடு கிழிந்தது. அவன் திருப்பி அடிக்கவில்லை. குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, வலது கையை விரித்துப் பலகையின் மேல் வைத்து அழுத்திக்கொண்டான். "இப்ப எடு பாப்பம்" என்றான்.

நான் மண்வெட்டியை ஓங்கி இறக்கினேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போய்விட்டன. அவன் கத்தவில்லை பாலு. தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மடை அவன் பக்கம் திறந்திருந்ததால் தண்ணீர் அந்த விரல்களை இழுத்துக்கொண்டு அவன் வயலுக்குள் போனது. நான் பின்னால் ஓடித் தேடவில்லை. தேடியிருந்தால், எடுத்துக்கொண்டு ஓடியிருந்தால், ஒருவேளை தைத்திருப்பார்கள். என் துண்டை அவன் கையில் சுற்றி, கைத்தாங்கலாக வரப்பில் நடத்திக்கொண்டு வந்தேன். ரோட்டை எட்டுகிற நேரத்தில் மில்லில் சங்கு ஊதியது. நீளமாக ஊதியது. அவன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். நான் வண்டி வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் அவனை உள்ளே கொண்டுபோன பிறகு குழாயடியில் கை கழுவினேன். ரத்தம் வாட்ச்சின் பட்டையிலும் இருந்தது. ரப்பர் பட்டை என்பதால் ஒரே கழுவில் போய்விட்டது, சுவடுகூட இல்லை. துணிப்பட்டை வேண்டாம் என்று சொன்னேன் அல்லவா, இதுதான் காரணம். உனக்குத் தேவைப்படப் போகிற தகவல் என்றுதான் சொல்கிறேன். பிறகு நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தேன். எதிரே சுவர்க்கடிகாரம். அதில் ஒன்று ஐந்து, என் கையில் ஒன்று பதினைந்து. போலீஸ் வருவதற்குள் சரிசெய்துவிட வேண்டும் என்று தோன்றியது. அந்த வாட்ச்சில் நேரம் பின்னால் நகராது, முன்னால் மட்டும்தான் நகரும். பத்து நிமிடம் குறைக்க வேண்டுமானால் ஐம்பது தடவை அமுக்கி ஒரு சுற்று சுற்றிவர வேண்டும். ஒவ்வொரு அமுக்குக்கும் ஒரு பீப். உள்ளே என் தம்பிக்குக் கையைத் தைக்கிறார்கள், வெளியே நான் ஐம்பது தடவை பீப், பீப் என்று அமுக்கிக்கொண்டிருக்கிறேன். ஒரு நர்ஸ் நின்று பார்த்தார். "என்னங்க பண்றீங்க?" என்றார். "டயம் தப்பா இருக்கு சிஸ்டர்" என்றேன். அன்று முழுக்க நான் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

போலீஸ் வந்து கேட்டபோது உன் சித்தப்பா, "பலக வழுக்கி மண்வெட்டி மேல கை வுழுந்துருச்சு சார், யார்மேலயும் கம்ப்ளெயிண்டு இல்ல" என்றான். அப்படி அவன் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு வேலை போயிருக்கும். நீ படித்த படிப்பு, உன் அக்கா கல்யாணம், இப்போது மாதாமாதம் வருகிற பென்ஷன், எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் பிழைத்தவை. அதற்கு நான் செய்த பதில் மரியாதை என்ன தெரியுமா? ஊருக்கு வந்து, அவன் பத்து நிமிடம் தண்ணீர் திருடினான், கேட்டதற்குச் சண்டைக்கு வந்தான், கைகலப்பில் அடிபட்டுவிட்டது என்று டீக்கடை டீக்கடையாகச் சொன்னேன். அவன் மறுத்துப் பேசவில்லை. பேசாததையே சாட்சியாகக் காட்டினேன். "உண்மையா இருந்தா ரோஷம் வந்து பேசியிருக்க மாட்டானா?" என்று கேட்டேன். ஊர் தலையை ஆட்டியது. அப்போதிருந்து அவன் வாசல்படியை நம் வீட்டில் யாரும் மிதிக்கவில்லை. மிதிக்க விடவில்லை நான்.

நீ எட்டாவது படிக்கும்போது ஒரு நாள் பள்ளியிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். உன் அப்பாதான் என் அப்பா கையை வெட்டியவர் என்று கார்த்தி சொல்லியிருக்கிறான். நீ எவர்சில்வர் டிபன் பாக்ஸால் அவன் வாயில் அடித்து முன்பல்லை உடைத்துவிட்டாய். ஹெட்மாஸ்டர் எதிரில் உன்னைத் திட்டுவதுபோல் திட்டினேன். வீட்டுக்கு வருகிற வழியில் வண்டியை நிறுத்தி உனக்குப் பரோட்டா வாங்கித் தந்தேன். நாலு பரோட்டா, சால்னா, ஒரு ஆம்லெட். "எங்க அப்பாவ யாரும் ஒண்ணும் சொல்லக்கூடாது" என்று வாயில் பரோட்டாவோடு நீ சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. இதை எழுதும்போது அந்தப் பெருமையை நினைத்துத்தான் கூசுகிறது. உன் கையில் மண்வெட்டிக் காம்பைக் கொடுத்தது போன ஞாயிற்றுக்கிழமை இல்லை. அந்தப் பரோட்டாக் கடையில் நான் உட்கார்ந்து ஊட்டிக் கொடுத்தேன்.

இப்போது நீ ஒன்று நினைப்பாய். அப்பா வாட்ச் தப்பாக ஓடியது, அதனால் தப்பு நடந்துவிட்டது, என் வாட்ச் சரியாக ஓடினால் சண்டையில் நியாயம் என் பக்கம் என்று. நானும் இருபது வருடம் எனக்குள் அப்படித்தான் பேசிச் சமாதானம் ஆகியிருக்கிறேன். பத்து நிமிடம், ஒரு மறதி, யாருக்கும் வரக்கூடியது. ஆனால் அது முழு உண்மை இல்லை. ஊரிடம் நான் சொன்னது பலகையைத்தான் வெட்டினேன், கை இருந்தது தெரியாது என்று. உன் அம்மாவிடமும் அதையேதான் சொன்னேன். பாலு, கையைப் பார்த்தேன். ஐந்து விரலையும் விரித்து வைத்திருந்தான், நகத்தில் சேறு இருந்தது, எல்லாம் பார்த்தேன். பார்த்துத்தான் இறக்கினேன். இறக்குகிற அந்த நேரத்தில் தண்ணீர் நினைவில் இல்லை, பயிர் நினைவில் இல்லை. என்னை எதிர்த்து வைத்த கை, அது இருக்கக்கூடாது, அவ்வளவுதான். செய்யும்போது உடம்பெல்லாம் ஒரு இன்பம்கூட இருந்தது. அதைச் சொல்லவே எனக்கு இவ்வளவு வயசாக வேண்டியிருந்தது. வாட்ச் விநாடி பிசகாமல் ஓடியிருந்தாலும் வெட்டியிருப்பேன். இன்னும் ஓங்கி வெட்டியிருப்பேன், நியாயமும் கூட இருந்திருக்கும் இல்லையா. நேரம் உன் பக்கம் சரியாக இருந்தால் கார்த்தி தலையை எடுப்பேன் என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்தபோது நான் பயந்தது அதற்காகத்தான். உன்னை நிறுத்தக்கூடியது உன் மனசில் இருக்கும் கொஞ்சம் சந்தேகம் மட்டும்தான். அதையும் கடையில் கொடுத்து ஒரு வாட்ச்சாக மாற்றிக் கட்டிக்கொள்ளப் பார்க்கிறாய்.

நேற்று கடையிலிருந்து வெறுங்கையோடுதான் வந்தேன். வந்து உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கையைப் பார்த்ததையும் சொன்னேன். அவள் குழம்புக் கரண்டியைத் தூக்கி எறிந்தாள். என் மேல் படவில்லை, சுவரில் பட்டுக் காம்பு வளைந்துவிட்டது. "அவன் பொண்டாட்டி என்னக் கோயில்ல பாத்து அக்கான்னு சிரிப்பா. நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போவேன். இருவது வருஷமா என்னத் திருப்ப வச்சீங்களே!" என்று அழுதாள். இன்று காலை நான் சட்டையை மாட்டும்போது, "எங்க போறீங்கன்னு தெரியும். போங்க" என்றாள்.

பக்கத்துத் தெருதான். நாற்பது ஐம்பது காலடி இருக்கும். அவன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். உன் சித்தப்பா கூடத்தில் உட்கார்ந்து இடது கையால் டீ குடித்துக்கொண்டிருந்தான். ஓரத்துக் கட்டிலில் கார்த்தி தலைக்கட்டோடு படுத்திருந்தான். நின்றபடியே சொன்னேன். பஸ்ஸுக்காக வாட்ச்சை முன்னால் வைத்ததைச் சொன்னேன், ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து திருத்தியதைச் சொன்னேன், அவனைத் திருடன் என்று ஊரெல்லாம் சொன்னதைச் சொன்னேன். அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"வாட்ச்சு கதையெல்லாம் இருக்கட்டும்ண்ணே. நான் சங்கு கேட்டவன்தானே. எனக்கு ஒண்ணுதான் தெரியணும். இருவது வருஷமா அது ஒண்ணுதான் கேக்கணும்னு இருந்தேன். கையப் பாத்தியா?"

"பாத்தேன்டா" என்றேன்.

எழுந்து வந்து அடித்தான். இடது கைதான், ஆனால் இருபது வருடமாக மண்வெட்டி பிடித்துப் பழகிய இடது கை. கண்ணாடி எங்கோ போய் விழுந்தது, கடைவாயில் உப்புக் கரித்தது, நிலைப்படியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அவன் மூலையில் இருந்த உலக்கையை எடுத்தான். நான் தலையை மூடவில்லை. மூடத் தோன்றவில்லை. வரட்டும் என்றுதான் இருந்தது. அப்போது கட்டிலிலிருந்து ஒருத்தன் எழுந்து தடுமாறி ஓடிவந்து குறுக்கே விழுந்தான். "வேணாம்ப்பா, பெரியப்பா அவரு, வேணாம்" என்று என் மேலே கவிழ்ந்து மூடிக்கொண்டான். உலக்கை அவன் முதுகைத் தொட்டு நின்றது. அவன் கட்டு அவிழ்ந்து என் சட்டையில் ரத்தம் ஊறியது. தையல் பிரிந்த அவன் தலை என் நெஞ்சின் மேல்தான் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை நீ எடுக்கிறேன் என்று எழுதியிருக்கிறாயே, அது அந்தத் தலைதான் பாலு.

அப்பா